வண்டிக்கு வரியா, எண்ணெய்க்கு வரியா?

மோட்டார் வண்டி வைத்திருப்பவர் சர்க்காருக்கு இரண்டு இடங்களில் பணம் கட்டுகிறார். வண்டியைப் பதிவு செய்யும்போது கட்டுவது ஒன்று. பெட்ரோல் போடும்போதெல்லாம் கட்டுவது மற்றொன்று. முன்னதற்கு ரசீது உண்டு. ஆதலால் அது நினைவில் நிற்கிறது. பின்னது எண்ணெயின் விலைக்குள்ளேயே கரைந்து கிடப்பதால், அதை வரி என்று எண்ணாமல் விலைவாசி என்று எண்ணிவிடுகிறோம். இவ்விரண்டில் எது நியாயமானது, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடலாகாதா என்னும் கேள்வி புதியதன்று. மோட்டார் வண்டி பெருகத் தொடங்கிய நாளிலிருந்தே அதிகாரிகளும் வண்டிக்காரர்களும் இதைப்பற்றி வாதித்து வருகிறார்கள்.

இதை ஆராய்வதற்குத் தலைநகரங்களைவிட நாகலாபுரம் பொருத்தமான இடம் என்பது நம் அபிப்பிராயம். வேதநாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் இவ்வூர் நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பிரதேசம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கும், அதற்கு ஈடாக வேறு சில பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்துக்கும் மாறிய எல்லைத் திருத்தத்தை இவ்வட்டாரத்து முதியவர்கள் இன்றும் பேசுவதுண்டு. நாகலாபுரத்திலிருந்து தென்கிழக்காகச் சுருட்டப்பள்ளி வழியே சென்றால் சற்றைக்கெல்லாம் ஊத்துக்கோட்டை வந்துவிடும், அது தமிழ்நாடு. எல்லையைத் தாண்டியதும் வண்டி வரியின் விகிதம் வேறு, எண்ணெய் வரியின் விகிதம் வேறு. சாலை மட்டும் ஒரே சாலை.

முதலில் பழைய கதையைச் சிறிது பார்ப்போம். வழிப்போக்கரிடமும் வண்டிக்காரரிடமும் காசு வாங்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான் என்றால், சுங்கம் மக்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் காலத்திலும் சாலைகளின் குறுக்கே சுங்கச்சாவடிகள் இருந்தன. திருச்சிராப்பள்ளியில் ‘நம்பர் ஒன் டோல்கேட்’ என்றும், வடசென்னையில் வெறுமனே ‘டோல்கேட்’ என்றும் இன்றும் வழங்கும் இடப்பெயர்கள் அவற்றின் எச்சங்களே. ஒவ்வொரு சாவடியிலும் நின்று காசு கொடுப்பது மாட்டு வண்டிக்குப் பொருந்தினாலும் மோட்டாருக்குப் பொருந்தவில்லை. ஆகவே சென்னை மாகாணத்தில் 1931-ஆம் வருஷத்து மோட்டார் வண்டி வரிச் சட்டம் பிறந்தது. சாவடிச் சுங்கங்களை ஒழிப்பது, மாகாணம் முழுவதற்கும் ஒரே வண்டி வரி விதிப்பது, சுங்க வருமானத்தை இழந்த ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அந்த வரியிலிருந்து ஈடு கொடுப்பது என்பதே அதன் ஏற்பாடு. இன்றைய ஆந்திரச் சட்டம் 1963-ஐயும், தமிழ்நாட்டுச் சட்டம் 1974-ஐயும் சேர்ந்தவை; சென்னை மாகாணமாக இருந்த பகுதிகளுக்கு இரண்டுக்கும் முன்னோடி 1931-ஆம் வருஷத்துச் சட்டமே.

அதாவது, வண்டி வரி என்பது சாலைச் சுங்கத்துக்கு மாற்றாக வந்த வரி. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் சுங்கம் போய் வரி வந்த பிறகு, தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கமும் திரும்பி வந்துவிட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து அதை ஃபாஸ்டாக் வில்லை மூலமாகக் கொடுக்கிறோம். மாற்றாக வந்தது நிற்க, மாற்றப்பட்டதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது விந்தைதான்.

எண்ணெய் வரியின் வரலாறும் ஏறத்தாழ அதே காலத்தது. 1927-இல் மத்திய சர்க்கார் எம். ஆர். ஜயகர் தலைமையில் சாலை அபிவிருத்திக் கமிட்டி ஒன்றை நியமித்தது. நல்ல சாலைகள் அமைப்பது மாகாணங்களின் சக்திக்கு மீறிய காரியமாகிவிட்டது, அது நாடு முழுவதற்கும் உரிய காரியம் என்று அக்கமிட்டி கருதியது. சாலையை உபயோகிப்பவரே அதற்குக் கொடுக்கட்டும் என்ற எண்ணத்தில், காலன் ஒன்றுக்கு இரண்டணா வீதம் பெட்ரோலின் மேல் கூடுதல் வரி போடச் சொல்லிற்று. 1929 மார்ச் முதல் அவ்வரி வசூலாயிற்று. அதைக் கொண்டு மத்திய சாலை நிதி ஏற்பட்டது. ஒரு காலன் என்பது நாலரை லிட்டர். இரண்டணா என்பது ரூபாயில் எட்டில் ஒரு பங்கு. இன்று நாம் ஒரு லிட்டருக்குக் கொடுக்கும் வரியோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்று பெட்ரோலின் மேல் ஏற்கெனவே இருந்த வரியே நான்கணாதான். கமிட்டி அதை ஒரேயடியாக ஒன்றரை மடங்காக்கிவிட்டது.

அரசியல் சட்டம் வந்தபோது இவ்விரு வரிகளும் இரு கைகளுக்குப் பிரிந்தன. சாலையில் ஓடத்தக்க வண்டிகளின் மேல் வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு. ஏழாவது அட்டவணையில் இரண்டாம் பட்டியலின் 57-ஆம் இனம் அதைச் சொல்கிறது. எண்ணெயின் மேல் உற்பத்தி வரி விதிக்கும் உரிமை மத்திய சர்க்காருக்கு. விற்பனை வரி மட்டும் மாநிலங்களுக்கு. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோதும் பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நின்றுவிட்டன. ஆகவே ‘வண்டி வரியை எடுத்துவிட்டு எண்ணெய் வரியை மட்டும் வைத்துக்கொள்வோம்’ என்று எளிதில் சொல்லலாம். அப்படிச் செய்தால் யார் கஜானாவில் பணம் குறையும், யார் கஜானாவில் ஏறும் என்ற கேள்வி உடனே எழும். நியாயத்தைப் பற்றிய வாதம் பலமுறை இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, இலட்ச ரூபாய் வரை விலையுள்ள இருசக்கர வண்டிக்கு ஆயுட்கால வரி நூற்றுக்குப் பத்து. ஊத்துக்கோட்டையில் இருவர் எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரே மாதிரி வண்டி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் எட்டாயிரம் ரூபாய் வரி கட்டுகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர்; கடைத்தெருவுக்கும் கோயிலுக்குமாக நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மற்றவர் ஊர் ஊராகச் சென்று புடவை விற்பவர். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர். பதினைந்து வருஷங்களில் ஆசிரியர் ஓட்டியது ஏறக்குறைய 27,000 கிலோமீட்டர். புடவைக்காரர் அதைப்போல் பத்து மடங்கு. ஆகவே ஆசிரியர் கிலோமீட்டருக்கு 29 பைசாவும், புடவைக்காரர் 3 பைசாவும் கொடுத்தவராகிறார். சாலைக்குக் கூலி என்ற முறையில் பார்த்தால் இது நேர்மாறான நியாயம். கொஞ்சமாக உபயோகித்தவர் கிலோமீட்டருக்குப் பத்து மடங்கு கொடுத்திருக்கிறார்.

எண்ணெய் வரியில் இந்தக் கோணல் இல்லை. 2025-ஆம் வருஷத்து நடுவில் பெட்ரோலின் மேல் மத்திய உற்பத்தி வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 பைசாவாக இருந்தது. தமிழ்நாடு அதன்மேல் நூற்றுக்குப் பதின்மூன்றும், லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசாவும் வாங்கிற்று. இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு ஏறத்தாழ 44 ரூபாய் ஆகும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது கிலோமீட்டருக்கு 88 பைசா. ஆசிரியருக்கும் 88 பைசா, புடவைக்காரருக்கும் 88 பைசா. இதிலிருந்து வேறொன்றும் தெரிகிறது. நாம் ரசீதோடு நினைவில் வைத்திருக்கும் வண்டி வரி, கொஞ்சமாக ஓட்டும் ஆசிரியருக்குக்கூட எண்ணெய் வரியில் மூன்றில் ஒரு பங்குதான். புடவைக்காரருக்கோ முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணெய் வரிதான் உண்மையில் பெரிய வரி. அது முழுவதும் சாலைக்குப் போவதும் இல்லை. மத்திய வரியில் ஒரு பகுதியே சாலைக்கும் உட்கட்டமைப்புக்கும் என்ற பெயரில் வாங்கப்படுகிறது.

அப்படியானால் எண்ணெய் வரியே போதும் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படலாகாது.

புதிய வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுமென்றால், பழைய வண்டி 35 கிலோமீட்டர்தான் ஓடும். பழைய வண்டிக்காரர் கிலோமீட்டருக்கு 88 பைசாவுக்குப் பதிலாக ஒன்றேகால் ரூபாய் கொடுக்கிறார். பழைய வண்டியை வைத்திருப்பவர் பெரும்பாலும் புதியதை வாங்க இயலாதவரே. மேலும், டிராக்டர் வயலில் உழும்போது எரிக்கும் டீசல் சாலையைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அதற்குரிய வரி சாலையில் ஓடும் லாரியின் டீசலுக்குள்ள அதே வரிதான். பிரிட்டனில் உழவுக்கு வேண்டிய டீசலுக்குச் சிவப்புச் சாயமிட்டுக் குறைந்த வரியில் விற்கிறார்கள். சாயமிட்ட எண்ணெய் சாலையில் ஓடும் வண்டியின் தொட்டியில் இருந்தால் அபராதம். நம்மிடத்தில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச்சாயம் கலந்த அனுபவம் உண்டு. அந்தச் சாயம் கலப்படத்தை எவ்வளவு தடுத்தது என்பதை அறிந்தவர்கள் டீசலுக்கும் சாயமிடும்படி எளிதில் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது எல்லைத் தொல்லை. ஆந்திரப் பிரதேசத்தில் 2025-இல் பெட்ரோலின் விற்பனை வரி நூற்றுக்கு 31. அதற்குமேல் லிட்டருக்கு 4 ரூபாய். சாலை அபிவிருத்திக்கென்று இன்னும் ஒரு ரூபாய். கூட்டிப் பார்த்தால் தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம். நாகலாபுரத்திலிருந்து ஊத்துக்கோட்டைக்கு வேலையாகப் போகிறவர் அங்கேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு திரும்புவதில் வியப்பென்ன இருக்கிறது? அவர் பிறகு ஒரு வாரம் ஆந்திரச் சாலைகளில் ஓடுவார். வரி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. சென்னையிலிருந்து இவ்வழியாகத் திருப்பதிக்குப் போகும் யாத்ரீகர் வண்டிகளும் அப்படியே. எல்லைக்கு இப்பால் பெட்ரோல் நிலையம் வைத்திருப்பவர் வியாபாரத்தை இழக்கிறார். சாலையைப் பராமரிக்க வேண்டிய மாநிலம் வரியை இழக்கிறது. விகிதத்தை உயர்த்தினால் வருமானம் உயரும் என்று நினைத்த இடத்தில், உயர்ந்த விகிதமே எண்ணெயை எல்லைக்கு அப்பால் வாங்கச் சொல்கிறது. வண்டி வரிக்கு இந்தத் தொல்லை குறைவு. வண்டி எந்த ஊரில் பதிவாயிற்றோ அங்கே வரி. அமெரிக்காவிலும் கானடாவிலும் மாநில எல்லைகளைத் தாண்டி ஓடும் கனரக வண்டிகளுக்கு ஓர் உடன்படிக்கை இருக்கிறது. எந்த மாநிலத்தில் எண்ணெய் போட்டாலும், எந்த மாநிலத்தில் எவ்வளவு மைல் ஓடியது என்று கணக்குக் காட்ட வேண்டும். வரி அதன்படி மாநிலங்களுக்குள் பங்கிடப்படும். 48 மாநிலங்களும் 10 கானடிய மாகாணங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. தென்னாட்டு மாநிலங்கள் லாரிகளுக்காவது இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆட்சேபம் எடையைப் பற்றியது. சாலையைக் கெடுப்பது வண்டியின் எண்ணிக்கையன்று. அச்சு ஒன்றின்மேல் விழும் பாரமே. ‘இருசு’ என்று நம் வண்டிக்காரர்கள் சொல்வார்களே, அந்த அச்சு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, பரீட்சைக்கென்றே சாலைகள் போட்டு, இரவும் பகலும் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரட்டித்தால் சாலைக்கு ஏற்படும் கேடு இரண்டு மடங்கன்று, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்பது அதில் கண்ட முடிவு. பாரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப கேடு வளர்கிறது என்று எஞ்சினீயர்கள் இதைக் கூறுவர். அரை டன் பாரமுள்ள கார் அச்சோடு 10 டன் பாரமுள்ள லாரி அச்சை ஒப்பிட்டால், பாரம் இருபது மடங்கு. கேடு ஒரு இலட்சத்து அறுபதாயிரம் மடங்கு. எண்ணெயோ? கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் லாரி 4 கிலோமீட்டரும் ஓடும் என்று கொண்டால், லாரி எரிப்பது நான்கு மடங்குதான். எண்ணெய் வரியை மட்டும் வைத்துக்கொண்டால், லாரி உண்டாக்கும் கேட்டுக்குக் காரும் மொபெடும் பணம் கொடுக்கும் நிலை ஏற்படும்.

2018 ஜூலையில் நம் நாட்டில் நான்கு டயர்களுள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எட்டில் ஒரு பங்கு உயர்வுதானே என்று தோன்றும். நான்காம் அடுக்குக் கணக்கில் கேடு ஒன்றரை மடங்குக்கும் மேல். கல்லும் மணலும் ஏற்றிய லாரியோ, கரும்பு குவித்த டிராக்டரோ அனுமதித்த அளவுக்கும் மேலே போனால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் கிராமச் சாலைகளே சாட்சி. இதற்காகத்தான் சரக்கு வண்டிகளுக்கு எடைக் கணக்கில் வண்டி வரி வைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிடும்படி சொல்பவர்கள் இக்கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் வண்டி வரியை எதை அளந்து விதிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பிரிட்டனில் 1921-இல் பெட்ரோல் வரியை நீக்கிவிட்டு, குதிரைசக்தி ஒன்றுக்கு ஒரு பவுன் வீதம் கார் வரி விதித்தார்கள். குதிரைசக்தியைக் கணக்கிட்ட சூத்திரமோ எஞ்சின் உருளையின் குறுக்களவை மட்டும் பார்த்தது. கார் செய்வோர் என்ன செய்தார்கள்? குறுகலும் நீளமுமான உருளைகளைச் செய்யத் தொடங்கினார்கள். சக்தி குறையவில்லை, வரி குறைந்தது. ஒரு வரிச் சூத்திரம் ஒரு நாட்டின் எஞ்சினையே ஒல்லியாக்கிவிட்டது. 1928-இல் பெட்ரோல் வரி திரும்பவும் வந்தது. நம் நாட்டில் காருக்கு வண்டி வரி விலையைப் பார்த்து விதிக்கப்படுகிறது. விலை உயர உயர விகிதமும் உயர்கிறது. இது சாலைக்குக் கூலியன்று, செல்வத்தின்மேல் வரி. அதில் தவறில்லை. ஆனால் அதைச் சாலை வரி என்று அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இந்தக் குழப்பம் நியாயஸ்தலங்களிலும் உண்டு. முன்னாள் அஜ்மீர் ராஜ்யத்தைச் சேர்ந்த பஸ் முதலாளிகள் நஸீராபாதிலிருந்து தேவ்லிக்கு வண்டி ஓட்டினார்கள். வழியில் ராஜஸ்தானத்துக்குச் சொந்தமான குறுகிய நிலத்துண்டு ஒன்று குறுக்கிட்டது. அதற்காக ராஜஸ்தானம் வரி கேட்டது. எல்லைகளைத் தாண்டி வியாபாரம் செய்யும் சுதந்திரத்துக்கு இது தடையல்லவா என்பது வழக்கு. 1962-இல் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள், சாலையை உபயோகிப்பதற்கு ஈடாக வாங்கும் வரி சுதந்திரத்துக்குத் தடையாகாது என்றார்கள். அவ்வகை வரியை ‘ஈட்டு வரி’ எனலாம். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இது தொல்லை தந்த சொல். ஈடு கொடுத்து வாங்குவது கட்டணம். ஈடின்றிப் பொதுச் செலவுக்கு வாங்குவது வரி. இரண்டையும் ஒட்டவைத்துப் பிறந்த சொல் இது. 2016-இல் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய பெஞ்சின் பெரும்பான்மை, இக்கொள்கைக்குச் சட்ட ஆதாரமில்லை என்று சொல்லி, அந்தச் சுதந்திரத்தைப் பற்றிய வழக்குகளில் அதைக் கைவிட்டது.

ஆயினும் அந்த எண்ணம் மறையவில்லை. விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிற்சுவருக்குள் உள்ள முற்றத்தில் சரக்குகளைக் கையாள ஒரு கம்பெனி 36 வண்டிகளை ஓட்டியது. அவை பொதுச் சாலையில் ஓடவில்லை. ஆகவே வரி கட்ட வேண்டியதில்லை என்று அது வாதித்தது. 22 இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட விவகாரம். 2025 ஆகஸ்டு 29-இல் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆந்திரச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பொது இடத்தில் உபயோகிக்கும் அல்லது உபயோகத்துக்கென வைத்திருக்கும் வண்டிக்கே வரி விதிக்கிறது. பொதுச் சாலையை அனுபவிக்காதவர்மேல் அச்சுமை ஏறலாகாது என்பது தீர்ப்பின் கருத்து. 1974-இல் ஒரிஸ்ஸாவின் சுரங்க வண்டிகளைப் பற்றிய வழக்கிலும் இதே போக்கில் தீர்ப்பு வந்ததுண்டு. சாலையை அறவே உபயோகிக்காதவருக்கு இவ்வாறு நியாயம் கிடைத்தது. கொஞ்சமாக உபயோகிக்கும் நம் ஆசிரியருக்கு எந்தக் கோர்ட்டிலும் பரிகாரமில்லை.

கடைசியாக மின்சார வண்டி. இது பெட்ரோல் நிலையத்துக்கே போவதில்லை; எண்ணெய் வரி இதைத் தொடாது. பல மாநிலங்கள் ஊக்கம் தரும் பொருட்டு வண்டி வரியிலும் சலுகை கொடுத்திருக்கின்றன. புகையில்லாத வண்டிக்குச் சலுகை நல்லதே. ஆனால் பழைய மொபெட்டில் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் வரி கொடுத்துப் போகிறவரும், பெரிய மின்சாரக் காரில் போகிறவரும் ஒரே சாலையில்தான் போகிறார்கள். சாலைக்கு முன்னவர் மட்டும் கொடுப்பது நெடுநாள் நடக்கக்கூடிய ஏற்பாடன்று. நியூஸிலாந்தில் 1978 முதலே டீசல் வண்டிகள் ஓடும் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்பக் கட்டணம் செலுத்துகின்றன. 2024 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூஸிலாந்து டாலர் கொடுக்கின்றன. பிரிட்டன் 2028 ஏப்ரலிலிருந்து மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் வாங்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் இப்படிச் செய்ததை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் தள்ளிவிட்டது; அது உற்பத்தி வரியின் தன்மையுடையது, அதை விதிப்பது மத்திய சர்க்காருக்கே உரியது என்பது காரணம். நம் நாட்டில் வண்டியின்மேல் வரி மாநிலங்களுக்கே உரியதாகையால் அப்படிப்பட்ட தடை எழ இடமில்லை என்று தோன்றுகிறது.

தூரமும் எடையும் சேர்ந்த கணக்கே, வண்டி வரி எண்ணெய் வரி இரண்டையும்விட நியாயத்துக்கு அருகில் வருகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நியூஸிலாந்து ஒரு தீவு நாடு. எல்லைத் தொல்லை அதற்கில்லை. வண்டியிலுள்ள மானி ஓடிய தூரத்தைக் காட்டுமேயன்றி, அது நாகலாபுரத்துச் சாலையில் ஓடியதா ஊத்துக்கோட்டைச் சாலையில் ஓடியதா என்று காட்டாது. அதையும் காட்ட வேண்டுமானால் வானத்துச் செயற்கைக் கோள்களின் உதவியால் இடத்தைக் குறிக்கும் கருவியை வண்டியில் வைக்க வேண்டும். வைத்தால் நாம் போகும் இடமெல்லாம் சர்க்காரின் ஏட்டில் ஏறும். அமெரிக்காவில் ஆரகன் மாநிலம் 1919-இல் முதன்முதல் பெட்ரோல் வரி விதித்த மாநிலம். 2015-இல் மைல் கணக்கில் கட்டணத்தைப் பரீட்சித்ததும் அதுவே. அங்கே இடம் காட்டும் கருவியா, தூரத்தை மட்டும் காட்டும் கருவியா என்பதை வண்டிக்காரரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள். இடத்தைக் காட்டாத கருவியை வைத்துக்கொள்பவர், மாநிலத்துக்கு வெளியே ஓட்டிய மைல்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான்.